செய்திக்குச் சாட்சி, கருத்துக்குப் பெயர்

1878-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். ஆங்கிலேயர் கையிலிருந்த சென்னைப் பத்திரிகைகள் இந்த நியமனத்தைத் தாக்கி எழுதின. பதில் சொல்ல இந்தியர்களிடம் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினார்கள். அவர்களில் முன்நின்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1882-இல் அவரே தமிழில் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். 1899-இல் அது நாளிதழாயிற்று.

நம் அரசியல் இதழியல் ஒரு பதிலாகவே பிறந்தது. ஊரில் நடந்ததைச் சொல்வதைவிட, ஊரைப் பற்றி அடுத்தவர் சொன்னதை மறுப்பது அதற்கு முதல் வேலையாக இருந்தது. எனவே தமிழ்ப் பத்திரிகையிலிருந்து கருத்தை விலக்கினால்தான் செய்தி தூய்மையாகும் என்ற வாதம் நம் வரலாற்றோடு பொருந்தாது. கருத்து நம் இதழ்களுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிய கறையல்ல. அதற்காகத்தான் அவை தொடங்கப்பட்டன.

அப்படியானால் செய்திக்கும் கருத்துக்கும் நடுவே கோடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை நம் மரபே கற்றுத் தருகிறது. செய்திக்கு ஒரு சாட்சி இருக்க வேண்டும். கருத்துக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். சாட்சியில்லாத செய்தியும் பெயரில்லாத கருத்தும் ஒன்றின் உடையை மற்றொன்று அணிந்து வரும்போதுதான் வாசகர் ஏமாற்றப்படுகிறார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுத் தமிழ் அரசியல் எழுத்தில் வளர்ந்த வழிகளை இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசிய மரபு

‘தி இந்து’ தோன்றிய அதே 1878-இல்தான் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. மக்கள் மொழியில் எழுதப்படும் கருத்துக்குத்தான் அரசு அஞ்சியது. ரிப்பன் காலத்தில் அச்சட்டம் நீங்கிய பிறகு வந்த ‘சுதேசமித்திரன்’, ஆங்கிலம் அறியாத வாசகரிடம் வரி, பஞ்சம், காங்கிரஸ் தீர்மானங்கள் ஆகியவற்றைக் கொண்டுசென்றது. அதற்கு முன்பு அரசியலைத் தமிழில் பேச உரைநடையே சரியாக அமைந்திருக்கவில்லை. அதை எழுதி எழுதி உருவாக்கியவர்களில் முதல்வர் சுப்பிரமணிய ஐயர். 1908-இல் அரசு நிந்தனைக் குற்றச்சாட்டில் அவர் கைதானார்.

1904-இல் அவரிடம் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் சுப்பிரமணிய பாரதி. 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் பாரதியின் கையில் வேறொரு வடிவம் பெற்றது. சிவப்புத் தாளில் அச்சாயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தை ஏந்தி வந்தது. முதல் பக்கத்தில் கருத்துப்படம் போட்டது. தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி திறந்தது ‘இந்தியா’தான். இதழைக் கையில் எடுத்தவுடனே அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இந்த மரபின் நெஞ்சுறுதியைப் பேசும்போது அதிலிருந்த ஒரு நெருடலையும் சொல்ல வேண்டும். 1908-இல் ‘இந்தியா’ மீது வழக்கு வந்தபோது சிறை சென்றவர், சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து 1910 வரை இதழைக் கொண்டுவந்தார். அந்நிய ஆட்சியின் கெடுபிடியில் அது தவிர்க்க முடியாத ஏற்பாடாக இருந்திருக்கலாம். எழுதிய கை ஒன்றாகவும் பொறுப்பேற்ற பெயர் வேறொன்றாகவும் இருந்தால் அதன் விலை யார் தலையில் விழும் என்பதையும் அந்த வழக்கு காட்டியது.

திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’ 1917-இலும் ‘நவசக்தி’ 1920-இலும் வந்தன. தலையங்கத்துக்கு இசையும் தூய்மையும் உள்ள தமிழ் நடையை அவர் கொடுத்தார். கடுமையாக மறுக்கும்போதும் எதிராளியின் மதிப்பைக் குறைக்காமல் எழுத முடியும் என்பதற்கு இன்றும் அவருடைய தலையங்கங்களைத்தான் எடுத்துக்காட்டாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

இயக்க மரபு

‘இந்தியா’ சுதேசியத்தைக் கொண்டாடிய அதே ஆண்டுகளில், அதே சென்னையில், அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். சாதியை அப்படியே வைத்துக்கொண்டு பேசப்படும் சுதேசியம் யாருக்கான சுதேசியம் என்று அது கேட்டது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிய அவ்விதழை 1914-இல் தாம் மறையும்வரை அவர் நடத்தினார். ஒரே நிகழ்வை இரண்டு இதழ்கள் இரண்டு இடங்களில் நின்று பார்த்தன. இரண்டும் தாம் நின்ற இடத்தை மறைக்கவில்லை. அக்காலத்து அரசியலை முழுமையாக அறிய விரும்புகிறவர் இரண்டையும் படித்தாக வேண்டும்.

1925 மே 2 அன்று ஈரோட்டில் பெரியார் தொடங்கிய ‘குடிஅரசு’ இந்த வழியைப் பேரியக்கமாக்கியது. 1933-இல் அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்ட தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார்கள். எழுதியவரும் வெளியிட்டவரும் தம் பெயரில் நின்று தண்டனையை ஏற்றார்கள். 1935-இல் ‘விடுதலை’ வந்தது. 1937-இல் பொதுவுடைமையாளர்களின் ‘ஜனசக்தி’ வந்தது. 1963-இல் ‘தீக்கதிர்’ வந்தது. 1942-இல் அண்ணாவின் ‘திராவிட நாடு’ தொடங்கியது. அதே ஆண்டில் துண்டறிக்கையாகப் பிறந்த மு. கருணாநிதியின் ‘முரசொலி’ 1960-இல் நாளிதழாயிற்று.

இந்த மரபு தமிழுக்கு அளித்த தனி வடிவம் கடிதம். 1955 முதல் அண்ணா ‘தம்பி’க்கு எழுதிய கடிதங்களும், பின்னர் ‘உடன்பிறப்பே’ என்று தொடங்கிய கருணாநிதியின் கடிதங்களும் தலையங்கத்தின் வேலையைச் செய்தன. தலையங்கத்தில் பத்திரிகை பேசும். கடிதத்தில் ஒரு மனிதர் இன்னொருவரிடம் பேசுகிறார். சட்டமன்ற விவாதம், உலக வரலாறு, பழைய இலக்கியம், கட்சிக்குள் எழுந்த மனக்கசப்பு எல்லாம் அந்தக் கடிதத்துக்குள் இடம்பெற்றன. இது கருத்து, இது இன்னாருடைய கருத்து என்பதில் யாருக்கும் ஐயம் வராது. கருத்துக்குப் பெயர் வேண்டும் என்ற அளவுகோலின்படி தமிழில் இதைவிட நேர்மையான வடிவம் குறைவு.

கட்சி ஏடு என்றாலே நம்பத்தகாதது என்ற எண்ணம் பரவலாக உண்டு. நான் அதை ஏற்கவில்லை. முகப்பிலேயே தன் கொடியைக் காட்டும் ஏடு வாசகரை ஏமாற்றுவதில்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. தலைவர் பேச்சு முழுமையாக வரும். மாற்றார் பேச்சு மறுப்புக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வரும். தம் கட்சிக்குச் சங்கடமான நாளில் அந்நிகழ்வு நடந்ததாகவே ஏட்டில் தெரியாது. அதில் அச்சான ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அந்த ஏட்டை மட்டும் படிப்பவர் உண்மை அறியாதவராகவே இருப்பார். விட்டுவிடுவதும் ஒரு கருத்துதான். அதற்கு மட்டும் யாரும் கையெழுத்திடுவதில்லை.

கணக்கு மரபு

பாரதி நினைவு நாளான செப்டம்பர் 11 அன்று, 1934-இல் ‘தினமணி’ தொடங்கியது. முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். அவரோடு பணியாற்றிய ஏ.என். சிவராமன் 1944 முதல் 1987 வரை ஆசிரியராக இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே நாற்காலியில் அமர்ந்து, உணவு உற்பத்தி, வரவுசெலவுத் திட்டம், அரசமைப்பு, தேர்தல், அறிவியல் என்று எதையும் விடாமல் அவர் விளக்கி எழுதினார். ‘கணக்கன்’ என்பது அவருடைய புனைபெயர்களில் ஒன்று. அவருடைய எழுத்து முறையையே அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

வாதத்துக்கு முன்னால் எண்களை வைப்பது சிவராமனின் வழி. அரசு ஒரு திட்டத்தை அறிவித்தால் அது எத்தனை ஏக்கருக்கு, எத்தனை குடும்பத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, பணம் எங்கிருந்து வரும் என்று வரிசையாகக் கேட்டு, தமக்குத் தெரிந்த அளவைகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் தம் முடிவைச் சொல்வார். முடிவோடு உடன்படாத வாசகரும் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வேறு முடிவுக்குப் போக முடியும். ஒரு நல்ல அரசியல் விமர்சனத்தின் இலக்கணம் இதுதான் என்பேன். விமர்சகர் தம் முடிவை வாசகர் மீது சுமத்துவதில்லை. அந்த முடிவுக்கு வந்த வழியைத் திறந்து காட்டுகிறார். அந்த வழியில் எங்கே தவறு என்று சுட்டும் உரிமையையும் வாசகருக்கே கொடுத்துவிடுகிறார்.

புனைபெயரில் எழுதினாலும் அது பெயர்தானா என்ற கேள்வி இங்கே எழும். பாரதி பல புனைபெயர்களில் எழுதினார், ரா. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’யாகவே வாழ்ந்தார். ஒரே புனைபெயர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வந்தால் வாசகர் அதைப் பின்தொடரலாம். நேற்று சொன்னதையும் இன்று சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முரண்பட்டால் கடிதம் எழுதிக் கேட்கலாம். பொறுப்பேற்கிற எந்தப் பெயரும் பெயர்தான்.

எளிய தமிழும் தலைப்பின் அரசியலும்

1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கியபோது தமிழ்ச் செய்திக்கு வேறொரு வாசகர் கிடைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்க வேண்டும். பேசுகிற தமிழில், சிறிய வாக்கியத்தில் செய்தி இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ‘இதழாளர் கையேடு’ என்று ஒரு நூலே எழுதி, செய்தியாளர்களுக்கு அதைப் பாடமாக்கினார். தேநீர்க்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்கும் பழக்கம் இந்தத் தமிழால் வளர்ந்தது. தலையங்கத்தைவிடச் செய்தியே முதன்மை என்ற நிலையைத் தமிழ் நாளிதழ் அடைந்தது இந்த வழியில்தான்.

செய்தி முதன்மையான பிறகு கருத்து காணாமல் போய்விடவில்லை. தலையங்கப் பக்கத்திலிருந்து இறங்கித் தலைப்புக்குள் புகுந்துகொண்டது. ஒரு தலைவர் பேசியதைப் ‘பேச்சு’ என்று போடலாம். ‘பாய்ச்சல்’ என்றும் போடலாம். ஓர் அமைச்சர் விளக்கம் ‘அளித்தார்’ என்று எழுதினால் அது செய்தி. ‘மழுப்பினார்’ என்று எழுதினால் தீர்ப்பு. ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினால் அங்கே ஒரு குற்றம் இருந்ததாக முன்கூட்டியே முடிவு செய்தாகிவிட்டது. போராட்டக்காரர்கள் ‘கூடினார்கள்’ என்பதற்கும் ‘குவிந்தார்கள்’ என்பதற்கும் ‘திரண்டார்கள்’ என்பதற்கும் உள்ள தொலைவை உதவி ஆசிரியர் மேசையில் இருப்பவர் நன்கு அறிவார். ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு சிறிய தலையங்கம்.

இதைவிட நுட்பமான பழக்கம் கேள்விக்குறி. ‘கூட்டணியில் விரிசலா?’, ‘அமைச்சரவையில் மாற்றமா?’ என்று ஓர் ஆகாரத்தைச் சேர்த்துவிட்டால், உறுதிப்படுத்தாத தகவலும் தலைப்பாகிவிடும். மறுப்பு வந்தால் கேள்விதானே கேட்டோம் என்று விலகிக்கொள்ளலாம். கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரில் அந்தக் கேள்விக்குறி சிறுத்துப்போய், ‘விரிசல்’ மட்டும் பெரிதாக நிற்கும். பத்திரிகையை வாங்காமல் போஸ்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களே மிகுதி. அவர்களைப் பொறுத்தவரை அதுவே அன்றைய செய்தி.

ஆதித்தனார் வழியின் உண்மையான வாரிசு யார் என்றால், எளிய தமிழில் எழுதி, அந்த எளிமையைத் தீர்ப்பு வழங்கப் பயன்படுத்தாதவர்தான். ‘கூறினார்’, ‘கேட்டார்’, ‘மறுத்தார்’ என்ற எளிய சொற்களே செய்திக்குப் போதும்.

கருத்துப்படமும் கேலியும்

‘இந்தியா’வில் தொடங்கிய கருத்துப்படம், 1930-களில் ‘ஆனந்த விகட’னில் மாலியின் கோடுகளால் வீட்டுக்கு வீடு சென்றது. 1970 ஜனவரி 14 அன்று சோ தொடங்கிய ‘துக்ளக்’ அரசியல் கேலியை ஒரு முழு இதழின் மொழியாகவே ஆக்கியது. அவருடைய கேள்வி-பதில் பகுதி இன்னொரு தமிழ் வடிவத்தின் உச்சம். ‘குமுதம்’ அரசு பதில்கள் முதல் வந்த அந்த வடிவத்தில் வாசகர் கேட்பார், ஆசிரியர் இரண்டு வரியில் முடிப்பார். வாசகரின் கேள்வி பெயரோடும் ஊரோடும் அச்சாகும். அந்த வகையில் அது இரு பக்கமும் பெயருள்ள கருத்து.

கேலிக்குச் செய்தியோடு குழப்பமே வராது என்பது அதன் பாதுகாப்பு. ஆனால் உண்மையின் மேல் நிற்காத கேலி வெறும் வசையாகிவிடும். வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் உண்மையைப் புதிய கோணத்தில் காட்டும்போதுதான் அவர் சிரிக்கிறார்.

இந்த உரிமையின் எல்லை 1987-இல் சோதிக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் உரிமை மீறல் என்று மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்தார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாளிலேயே விடுவிக்கப்பட்டார். விடுதலையோடு அவர் நிற்கவில்லை, நீதிமன்றம் சென்றார். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கை தவறு என்று கூறி, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வழங்கச் சொன்னது. சிறைக்குப் போனபோதும் வழக்காடியபோதும் ஆசிரியர் தம் பெயரில் நின்றார். துணுக்கு எழுதியவரையோ படம் வரைந்தவரையோ முன்னே தள்ளவில்லை.

வட்டாரங்கள் பேசும் பத்தி

1980-களில் புலனாய்வு வார இதழ்கள் எழுந்தன. 1983-இல் ‘ஜூனியர் விகடன்’, 1988-இல் ‘நக்கீரன்’. நாளிதழ்கள் தொடத் தயங்கிய காவல் நிலையக் கொடுமைகளும் நில அபகரிப்புகளும் இவற்றின் மூலம் வெளியே வந்தன. நிருபர் நேரில் போய், பாதிக்கப்பட்டவரைப் பார்த்து, ஆவணத்தைப் பெற்று எழுதியபோது இவை தமிழ் இதழியலின் பெருமையாக நின்றன.

‘நக்கீரன்’ மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1994 அக்டோபரில் வந்த ஆர். ராஜகோபால் வழக்குத் தீர்ப்பை ஒவ்வொரு செய்தியாளரும் படிக்க வேண்டும். அவதூறு வரும் என்று அஞ்சி முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம். அதிகாரியின் பணி தொடர்பாக எழுதியது பின்னர் தவறென்று தெரிந்தாலும், நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினோம் என்று செய்தியாளர் காட்டினால் போதும் என்றது நீதிமன்றம். ‘நியாயமாகச் சரிபார்த்தல்’ என்பதுதான் அதன் உயிர்நாடி. சட்டம் நம்மிடம் முற்றறிவை எதிர்பார்க்கவில்லை, உழைப்பைத்தான் எதிர்பார்க்கிறது.

இதே காலத்தில் மற்றொரு வடிவமும் செழித்தது. கழுகார் வந்து அமர்ந்து சொல்வதாகவும், தேநீர்க்கடைப் பெஞ்சில் பெரியவர்கள் பேசிக்கொள்வதாகவும் அமைந்த அரசியல் பத்திகள். உரையாடலின் சுவையும் ஊர்ப்பேச்சின் நெருக்கமும் கொண்ட இவ்வடிவம் தமிழருக்கே உரிய படைப்பு. பல உண்மைகள் முதலில் கசிந்ததும் இங்கேதான். ஆனாலும் என் அளவுகோலின்படி ஐயத்துக்குரிய வடிவமும் இதுவே. பத்தியில் பேசுகிறவர் கற்பனைப் பாத்திரம். அவருக்குச் சொன்னவர் ‘கட்சி வட்டாரம்’ அல்லது ‘கோட்டை வட்டாரம்’. செய்திக்குச் சாட்சியும் தெரியவில்லை, கருத்துக்குப் பெயரும் தெரியவில்லை. ஒரு கட்சியின் உட்பகையில் ஒரு கை மற்றொரு கையை வெட்ட, பத்திரிகையின் மை கத்தியாகிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் இருக்கிறது.

தகவல் தருபவரின் பெயரை மறைக்க வேண்டிய தேவை உண்டு. அரசு அலுவலகத்தில் ஊழலைக் கண்டு சொல்கிற எழுத்தர் தம் வேலையை இழக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பு உண்மையைச் சொல்பவருக்கு உரியது. ஒருவரைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை அவிழ்த்துவிடுபவருக்கு உரியதல்ல. கோப்பு எண்ணைத் தருபவர் பெயரின்றி இருக்கலாம். ‘அவர் திறமையற்றவர்’ என்று சொல்பவர் தம் பெயரைத் தரத்தான் வேண்டும்.

வாய் கட்டப்பட்ட காலங்கள்

நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும், 1975 ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டது. ‘துக்ளக்’ கறுப்பு அட்டையோடு வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, கட்சியினர் பலர் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் சிறை சென்றார்கள். யார் யார் கைதானார்கள் என்று எழுதத் தணிக்கை அனுமதிக்கவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியலை ‘முரசொலி’ வெளியிட்டது. கருத்து ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பட்டியல் முழுக்கச் செய்தி. அன்று அதைவிடக் கூர்மையான தலையங்கத்தை எவரும் எழுதியிருக்க முடியாது. கருத்துச் சொல்ல வழியடைந்த காலத்தில் பெயர்களும் உண்மைகளும் மட்டுமே அந்தப் பணியைச் செய்யும் என்பதற்கு அது சான்று.

ஈழத்துத் தமிழ் இதழியல் இன்னும் பெரிய விலை கொடுத்தது. 1841-இல் ‘உதயதாரகை’யோடு தொடங்கிய யாழ்ப்பாண மரபு அது. 1959-இல் அங்கே தொடங்கிய ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகம், 1981-இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் எரிக்கப்பட்டது. ‘தராக்கி’ என்ற பெயரில் இராணுவ, அரசியல் ஆய்வுகளை ஆங்கிலத்திலும், தமிழில் ‘வீரகேசரி’யிலும் எழுதிய டி. சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று ‘உதயன்’ அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே தம் பெயரில் எழுதுவது என்றால் உயிரைப் பணயம் வைப்பது என்று பொருள். அச்சமின்றி எழுத வாய்ப்புள்ள நாம் பெயரை மறைத்து எழுதுவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

திரையில் விவாதம்

1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர் என்று தொலைக்காட்சிகள் வந்தன. இவற்றின் கட்சிச் சார்பு பார்வையாளருக்குத் தெரியும். கட்சி ஏட்டுக்குச் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். 2011-இல் ‘புதிய தலைமுறை’யும் அடுத்த ஆண்டு ‘தந்தி டிவி’யும் வந்த பிறகு ‘நேர்படப் பேசு’, ‘ஆயுத எழுத்து’ போன்ற இரவு விவாதங்கள் தமிழ் வீடுகளின் அன்றாடமாயின. மேடையிலும் மாநாட்டிலும் மட்டும் கேட்ட அரசியல் வாதத்தை எதிரெதிரே உட்கார வைத்து, குறுக்குக் கேள்வி கேட்டது பெரிய முன்னேற்றம்.

செய்திக்கு நிருபர் வேண்டும், வண்டி வேண்டும், நாள் வேண்டும். விவாதத்துக்கு நான்கு நாற்காலி போதும். செலவு குறைந்த கருத்து, செலவு மிகுந்த செய்தியை மெல்ல வெளியே தள்ளியது. ‘அரசியல் விமர்சகர்’ என்ற அடையாளத்தோடு ஒருவர் அமர்கிறார்; அவர் எந்தக் கட்சிக்கு ஆலோசனை சொல்கிறார், யாரிடம் ஊதியம் பெறுகிறார் என்பது திரையில் வருவதில்லை. பெயர் இருந்தாலும் பொறுப்பு மறைந்துவிடுகிறது. நெறியாளரின் கேள்வியிலேயே விடை அமர்ந்திருந்தால், உரையாடல் தொடங்கும் முன்பே கோடு தாண்டியாகிவிட்டது.

பணமும் இந்தக் கோட்டை அழிக்கும். 2009 தேர்தல்களில் வேட்பாளர் கொடுத்த காசுக்குச் செய்தி போட்ட வழக்கம் நாடெங்கும் வெளிப்பட்டு, 2010-இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் அதுபற்றி அறிக்கை தந்தது. விளம்பரம் என்று போட்டால் அது கருத்து. காசு கொடுத்தவர் பெயர் தெரியும். செய்தி என்று போட்டால் அது பொய்ச் சாட்சி.

அளவுகோல்கள்

இத்தனை வழிகளையும் கடந்து வந்தால் சில நெறிகள் தெளிவாகின்றன. பலவற்றை நம் சட்டமும் மரபும் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கின்றன.

முதலாவது, பொறுப்பு. 1867-ஆம் ஆண்டுச் சட்டம், இதழில் வெளியாகும் விஷயங்களைத் தேர்ந்தெடுப்பவரே ஆசிரியர் என்று வரையறுத்தது. ‘செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்’ என்று கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வந்த வரி அதனால்தான். எதைப் போடுவது, எதை விடுவது என்ற தேர்வே ஆசிரியரின் முதல் கருத்து. எனவே விட்டதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். தேர்தல் சட்டத்தின் 127ஏ பிரிவு சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. சுவரொட்டிக்கு உள்ள ஒழுங்கு அரசியல் பத்திக்கு இல்லாமல் போகலாமா?

இரண்டாவது, அடையாளம். ஊகத்தையும் கருத்தையும் உண்மையாக உயர்த்திக் காட்டக் கூடாது என்பது பத்திரிகைக் கவுன்சிலின் நெறி. தலையங்கம், பத்தி, ஆய்வு, செய்தி ஆகியவை எந்தப் பக்கத்தில் வந்தாலும் தம் பெயரோடு வர வேண்டும். அலைபேசியில் துண்டு துண்டாகப் படிக்கப்படும் காலத்தில் நடுப்பக்கம் என்ற இடம் மட்டுமே அடையாளமாகாது. ஒவ்வொரு துண்டின் மேலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, மறுதரப்பு. ஒருவரைக் குற்றம் சாட்டும் செய்தியில் அவருடைய பதில் அதே நாளில், அதே செய்தியில் இருக்க வேண்டும். ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று எழுதுவதானால் எப்போது, எப்படி முயன்றோம் என்பதையும் எழுத வேண்டும்.

நான்காவது, வழி காட்டுதல். ஏ.என். சிவராமன் செய்ததைப் போல, விமர்சகர் தம் முடிவோடு கணக்கையும் கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு பொது ஊழியரின் பொதுச் செயலைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நம் அவதூறுச் சட்டமே விதிவிலக்காக ஏற்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பெறத் தகுதியான கருத்து, உண்மைகளை முதலில் எடுத்து வைத்த கருத்துதான்.

ஐந்தாவது, திருத்தம். 2006-இல் ‘தி இந்து’ நாட்டிலேயே முதன்முறையாக வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை உருவாக்கியது. பத்திரிகையின் தவறைப் பத்திரிகையிலேயே, ஆசிரியரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்று சொல்லும் பதவி அது. தமிழ் இதழ்களும் தொலைக்காட்சிகளும் ஒவ்வொன்றும் இத்தகைய ஒருவரை அமர்த்த வேண்டும். எட்டுப் பத்தித் தலைப்பில் வந்த தவறு எட்டாம் பக்க மூலையில் திருத்தப்படக் கூடாது.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது மனத்துணிவு. பத்திரிகைத் துறைக்குள் இப்போது நுழைகிற இளையவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் கருத்து இருக்கட்டும். அது கூர்மையாகவே இருக்கட்டும். அதை உங்கள் பெயரில் எழுதுங்கள். செய்தி எழுதும்போது நீங்கள் பார்த்ததையும், பார்த்தவர் சொன்னதையும், ஆவணம் காட்டியதையும் எழுதி, அங்கேயே நிறுத்துங்கள். இந்த இரண்டு ஒழுங்கையும் காத்தவர்கள் எழுதியதைத்தான் வரலாற்றாசிரியர்கள் தேடிப் படிக்கிறார்கள். வாசகரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது என்று கேளுங்கள். ஒரு கருத்து வந்தால் யாருடையது என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.